பல் சீழும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும்
(விழாவில் ஆற்றிய உரை)



விழா மேடையில் பல் மருத்துவன் சீழைப் பற்றிப் பேசலாமா என்று தாங்கள் எண்ணக்கூடும். என்னிடம் வந்த ஒருவரை நினைத்தே இப்பொருளைத் தேர்ந்தேன். கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. வலி எழும்போதெல்லாம் மருந்துக் கடையில் நான்கைந்து மாத்திரைகள் வாங்கி விழுங்குவார். வலி தணிந்ததும் நிறுத்திவிடுவார். நான்கு மாதங்களில் மூன்று முறை இவ்வாறு நிகழ்ந்தது. இறுதியில் தாடையின்கீழ் இருபுறமும் பலகைபோல் இறுகி, நாக்கு மேலெழும்பி, உமிழ்நீரையும் விழுங்க இயலாதவராய் வந்தார். படுத்தால் மூச்சு அடைத்தது.

இந்நோயை 1836ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் விவரித்தார். 'லுட்விக் ஆஞ்சைனா' என்று அவர் பெயராலேயே வழங்குகிறது. கீழ்த்தாடையின் இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப் பற்களின் வேர்நுனிகள் பெரும்பாலும் வாயின் அடித்தளத் தசைக்குக் கீழே முடிகின்றன. ஆகவே அங்குத் தோன்றும் சீழ் வாய்க்குள் உடையாமல் கழுத்தை நோக்கி இறங்குகிறது. உயிரைப் பறிப்பது மூச்சுவழி அடைபடுதலே. எனவே முதலில் மூச்சுவழியைக் காத்து, பின்னர்ச் சீழை வடித்து, பல்லை அகற்றி, சிரை வழியே மருந்து செலுத்துவர். அவர் பிழைத்தார்.

மாத்திரை ஏன் அவரைக் காக்கவில்லை? மருந்து இரத்தத்தோடு செல்வது. செத்த பற்கூழுக்குள் இரத்த ஓட்டம் இல்லை. சீழ்க்கட்டியின் நடுவிலும் இல்லை. வேர் சிகிச்சை, பல்லை எடுத்தல், சீழை வடித்தல் இவையே மருத்துவம். மாத்திரை துணை மட்டுமே. காய்ச்சலோ பரவும் வீக்கமோ இருந்தால் அத்துணை தேவை. உடனே பல் சிகிச்சை பெற இயலுமானால், வெறும் பல்வலிக்கு அது வேண்டுவதில்லை என்பதே 2019இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலின் கருத்தும். தேவையின்றி உண்ணுந்தோறும் மருந்துக்கு அடங்காத கிருமிகளே எஞ்சிப் பெருகுகின்றன. எங்கள் துறையினரும் குற்றமற்றவர் அல்லர். கூட்டம் மிகுந்த மாலையில் பல்லைத் திறப்பதினும் சீட்டு எழுதுவது எளிது, நானும் எழுதியிருக்கிறேன்.

நம்மவருள் சிலர் சூரியன் மறைந்தபின் நீரும் அருந்துவதில்லை. அதனால் மூன்று வேளை மருந்தைத் தாமே இரண்டாகக் குறைத்துக்கொள்கின்றனர். வேறு சிலர், குளிகையின் உறை விலங்குப் பொருளான ஜெலட்டினால் ஆனது என அறிந்து இடையில் கைவிடுகின்றனர். இவற்றை மருத்துவரிடம் முன்னரே கூறிவிடுங்கள். அமாக்சிசிலின் உறையில்லா மாத்திரையாகவும் கிடைக்கிறது. இருவேளை மட்டும் உண்ணும் மருந்துகளும் உள்ளன.

வாய் இரு விரல் அளவும் திறவாமை, விழுங்க இயலாமை, குரல் கம்முதல், கண்ணை மூடும் வீக்கம் இவற்றுள் ஒன்று தோன்றினும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். அறுவைச் சிகிச்சை வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு நேரே செல்லுங்கள். நோயாளியைப் படுக்கவைக்காமல், உட்காரவைத்தே அழைத்துச் செல்லுங்கள்.