மாடிப்படியில் எழுந்த தாளம்



1964ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதக் கடைசியில் இங்கிலாந்தின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் ‘ஹாவ் ஐ த ரைட்’ என்றொரு பாடல் முதலிடத்தைப் பிடித்தது. பாடியது ஹனிகோம்ஸ் என்ற பொப் இசைக்குழு. பீட்டில்ஸின் புகழ் உச்சத்தில் இருந்த காலம் அது. இரண்டு வாரம் முதலிடத்தில் நின்ற அப்பாடல், அமெரிக்காவிலும் ஐந்தாம் இடம் வரை போனது. மூன்றாண்டில் குழு கலைந்தது. இக்குழுவை நான் நினைவுகூர்வது அந்த வெற்றிக்காக மட்டுமன்று. அதில் ட்றம்ஸ் வாசித்த பெண்ணுக்காகவுந்தான்.

வடலண்டனில் சிகையலங்காரத் தொழில் செய்துவந்த மார்ட்டின் மறே 1963இன் இறுதியில் இக்குழுவை அமைத்தார். அவரிடம் உதவியாளராக வேலை பார்த்தவர் ஆன் லான்ட்ரி, செல்லப்பெயர் ஹனி. அவருடைய அண்ணனோ தம்பியோ என்று யோசிக்க வேண்டாம், உடன்பிறந்த ஜோனும் அதே குழுவில் பேஸ் கிற்றார் வாசித்தார். டெனிஸ் டெல் பாடகர். பை என்னும் இசைத்தட்டு நிறுவனம் குழுவுக்குப் புதுப்பெயர் சூட்டியது. ஹனிகோம் என்றால் தேனடை. பிரித்தால் ஹனியும் சீப்பும். பெயரிலேயே விளம்பரம் புகுந்துவிட்டது பாருங்கள்.

ஒலிப்பதிவு நடந்தது ஹொலோவே வீதி 304ஆம் இலக்க வீட்டில். கீழே தோற்பொருட் கடை. மேல்மாடிகளில் ஜோ மீக் என்ற விசித்திர மனிதரின் வீடும் ஒலிப்பதிவுக்கூடமும். இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாதவர். ஆனால் 1962இல் ‘டெல்ஸ்ரார்’ என்ற வாத்திய இசையை உலகெங்கும் ஒலிக்கச் செய்தவர். ஹனிகோம்ஸ் பாடலுக்குத் தாளம் போதாது என்று அவருக்குத் தோன்றியது. குழுவினரை மரப்படிக்கட்டில் நிறுத்தி ஓங்கி மிதிக்கச் சொன்னார். காற்சட்டை சங்கிலியில் சிக்காதிருக்கச் சைக்கிளோட்டிகள் மாட்டும் கிளிப்புகளால் ஒலிவாங்கிகளைக் கைப்பிடியில் பொருத்தினார். பிறகு ஒலிநாடாவின் வேகத்தையும் சற்றுக் கூட்டினார். டெலின் குரலில் கேட்கும் தவிப்புக்கு அதுவும் ஒரு காரணம் என்பேன்.

பாட்டு வென்றதும் பத்திரிகைகளின் கண் ஹனியின் மேல் விழுந்தது. பெண்ணொருத்தி ட்றம்ஸ் அடிப்பதா? கவர்ச்சிக்காக உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள் என்று பேச்சு எழுந்தது. எனக்கு இது வெறும் வம்பாகவே படுகிறது. அந்த இசைத்தட்டைக் கேளுங்கள். பல்லவியில் காலடிகள் இடிபோல் விழுகின்றன. அவற்றைக் கட்டி இழுத்துச் செல்வது ட்றம்ஸ். அது ஒரு கணம் பிசகினாலும் காலடிகள் சிதறிப்போயிருக்கும். அழகாக இருந்தது அவர் குற்றமா?

அதன் பிறகு இறங்குமுகந்தான். 1964 முடியுமுன் மறே விலகினார். குழு அவுஸ்திரேலியா, தூரகிழக்கு என்று பயணம் போனது. ஜப்பானில் நல்ல வரவேற்பு, அங்கு மட்டும் வெளியிடவென்றே ஓர் இசைத்தட்டும் வந்தது. சொந்த நாட்டு ரசிகர்களோ அதற்குள் வேறு குழுக்களிடம் போய்விட்டார்கள். 1965இல் ‘தற்ஸ் த வே’ பன்னிரண்டாம் இடத்துக்கு வந்தது. அதில் டெலுடன் சேர்ந்து ஹனியும் பாடினார். மறுவருடம் டெல் உட்பட மூவர் விலகினர்.

ஜோ மீக்கின் நிலை இன்னும் மோசம். ‘டெல்ஸ்ரார்’ மெட்டு திருடப்பட்டதென ஒரு பிரெஞ்சு இசையமைப்பாளர் வழக்குத் தொடர்ந்ததால், வரவேண்டிய பணம் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. கடனும் மனக்கலக்கமும் சேர்ந்தன. 1967 பெப்ரவரி 3ஆம் திகதி, அதே வீட்டில், வீட்டுக்கார அம்மையாரைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். சில வாரங்களில் வழக்கு அவருக்குச் சாதகமாக முடிந்தது. ஹனிகோம்ஸும் அந்த ஆண்டோடு ஓய்ந்தது.

ஹனி லான்ட்ரி 2018 டிசம்பரில் காலமானார். பாடல் இன்னமும் கிடைக்கிறது. கேட்கும்போது டெலின் குரலைச் சற்று விலக்கிவிட்டு, பின்னால் வரும் அந்தக் கைகளைக் கவனியுங்கள்.