மின்னலும் இடியும் சூறையும்



வெள்ளிவிழா மேடையில் கல்வியின் சிறப்பைப் பேசுதல் மரபு. அதனைச் செவ்வனே செய்யவல்லார் இங்குப் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. எதிர்பாரா நேரத்தில், எதிர்த்து நிற்க இயலாத வலிமையோடு வந்து விழும் தாக்குதலைக் குறிக்க வழங்கும் சொற்கள் சிலவற்றை இன்று ஆராய்வோம். சொல்லாராய்ச்சி நமக்கு எதற்கு என்று எண்ணவேண்டா. சொல்லால் வரும் கேடு நம் தெருவுக்குள்ளேயே உண்டு என்பதைப் போகப்போகக் காண்போம்.

இளைஞர்கள் சதுரங்கத்தில் 'பிளிட்ஸ்' என்றொரு வகை ஆடுகின்றனர். சில நிமிடங்களில் முடிந்துவிடும் விரைவு ஆட்டம் அது. 'பிளிட்ஸ்' என்பது மின்னலைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல். 1939-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜெர்மனி போலந்தின்மீது படையெடுத்தது. 1940-ஆம் ஆண்டு மே, ஜூன் திங்களில் பிரான்சை வீழ்த்தியது. டாங்கிப் படையும் விமானப் படையும் ஒருங்கே பாய்ந்த அந்த வேகத்தை உலகம் 'மின்னற்போர்' என்றது. பின்னர் 1940 செப்டம்பர் 7 முதல் 1941 மே வரை இலண்டன் முதலிய நகரங்கள்மீது இரவுதோறும் குண்டு பொழிந்தபோது, ஆங்கிலேயர் அச்சொல்லின் முற்பாதியை மட்டும் எடுத்துத் தம் துன்பத்துக்குப் பெயராக்கினர். அத்தாக்குதலில் மாண்ட குடிமக்கள் 40,000-க்கும் மேற்பட்டோர். அந்நாளிலேயே, 1941-இல், பம்பாயில் கரஞ்சியா தொடங்கிய வார இதழும் 'பிளிட்ஸ்' என்றே பெயர் பூண்டது. இன்று பற்பசை விளம்பரத்துக்கும் ஆங்கிலத்தில் அதே சொல் வழங்குகின்றது. எண்பது ஆண்டுகளில் எத்தனை இறக்கம் பாருங்கள்!

தமிழிலும் இதுவே நடந்துள்ளது. 'சூறை' என்பது சுழல்காற்று. கொள்ளைக்கும் அதுவே பெயர். சுழல்காற்றுப் புகுந்த ஊர் எவ்வாறிருக்குமோ அவ்வாறே கொள்ளையர் புகுந்த ஊரும் இருக்கும் என்று நம் முன்னோர் கண்டனர். இன்றோ பொதுத்தேர்வு முடிவு வந்தவுடன் 'பரிசுகளைச் சூறையாடிய மாணவி' என்று பாராட்டி எழுதுகின்றனர். 'சாடுதல்' என்றால் அடித்து நொறுக்குதல்; நாளிதழில் ஒரு தலைவர் மற்றொருவரை நாள்தோறும் சாடுகிறார், ஒருவருக்கும் காயமில்லை. கேட்டவர் அதிரும்படி அடிக்கும் 'அதிரடி' இப்போது துணிக்கடைத் தள்ளுபடிக்கு வந்து சேர்ந்துவிட்டது. இவற்றோடு நமக்குப் பெரும் பிணக்கு இல்லை. சொல் உருவகமாகி வளர்வது மொழியின் இயல்பு.

ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மின்னல், சூறை ஆகிய இரண்டும் வானத்திலிருந்து வருபவை. மின்னலை ஏவியவன் யார், சூறையைத் தூண்டியவன் யார் என்று எவரும் கேட்பதில்லை. செய்தவன் மறைந்துவிடுகிறான், செயல் மட்டும் இயற்கையின் சீற்றம்போல் நிற்கிறது.

இதற்கு நேர்மாறாக ஒரு சொல் உண்டு. ரஷ்ய மொழியில் 'குரோம்' என்றால் இடி. அதன் இனச்சொல்லே 'பொக்ரோம்'. 1881-இல் இரண்டாம் அலெக்சாந்தர் மன்னர் கொல்லப்பட்டபின், ரஷ்யப் பேரரசின் தென்பகுதி ஊர்களில் வாழ்ந்த யூதர்மீது கூட்டங்கூட்டமாகப் பாய்ந்து வீடுகளையும் கடைகளையும் நொறுக்கினர். 1903-இல் கிஷினேவ் நகரில் அதனினும் கொடிய தாக்குதல் நிகழ்ந்தது. இந்நிகழ்ச்சிகளுக்கு 'பொக்ரோம்' என்பதே பெயராயிற்று. பெரும்பான்மையோர் திரண்டு வந்து வலிமையற்ற ஒரு சமூகத்தை ஒருபக்கமாகத் தாக்குதல் என்னும் முழுப்பொருளையும் அவ்வொரு சொல் தாங்கி நிற்பதால், ஆங்கிலேயர் அதனை மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டனர். வேர் இடிதான், எனினும் அடித்தவன் யார், அடிபட்டவன் யார் என்பது அச்சொல்லில் மறைவதில்லை.

தமிழில் இத்தகைய தெளிவு இருந்ததில்லையோ என்றால், இருந்தது. புறத்திணை இலக்கணத்தை நினைவிற் கொள்க. பகைவர் ஆநிரையைக் கவர்வது வெட்சி. கவர்ந்ததை மீட்பது கரந்தை. தொல்காப்பியர் இதனை வெட்சியுள் அடக்கினார், புறப்பொருள் வெண்பாமாலை தனித்திணையாக்கியது. அரணை முற்றுதல் உழிஞை. அரணுக்குள் நின்று காத்தல் நொச்சி. தாக்குவோன் சூடும் பூ வேறு, காப்போன் சூடும் பூ வேறு. இரு படையும் களம் குறித்து எதிரெதிர் நின்று பொரும்போது மட்டுமே இரு திறத்தார்க்கும் பொதுவாகத் தும்பை. இந்த இலக்கணம் வகுத்தவர்கள் போரைப் போற்றியவர்கள்தாம்; ஆயினும் தாக்கியவனையும் காத்தவனையும் ஒரே பெயரால் அழைக்கவில்லை.

இப்போது நாளிதழ்ச் சொல்லுக்கு வருவோம். 'இரு தரப்பினரிடையே மோதல்' என்பது நாம் அனைவரும் படித்துப் பழகிய தலைப்பு. மோதல் என்றால் ஒன்றோடொன்று முட்டுதல். இரண்டு கிடாய்கள் முட்டுவதுபோல. அதாவது தும்பை. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் நிகழ்ந்தது தும்பையா? கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடியிருப்பில் ஆட்கள் புகுந்தனர். அஞ்சி ஓடிய பெண்டிரும் குழந்தைகளும் முதியோரும் ஒரு குடிசைக்குள் ஒடுங்கினர். அக்குடிசைக்குத் தீ வைத்தனர். மாண்டோர் 44 பேர். குற்றஞ்சாட்டப்பட்ட நிலக்கிழார்களை 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. இதனைச் 'சம்பவம்' என்று எழுதுவோர் இன்றும் உளர். பேருந்து தாமதமாக வருவதும் சம்பவந்தான்.

2012 நவம்பர் 7-ஆம் நாள் தருமபுரி நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் வீடுகளைச் சூறையாடி எரித்தனர். அதற்கும் 'கலவரம்' என்றே பெயரிட்டனர். கலவரம் மனக்கலக்கத்துக்கும் வழங்கும் சொல். யாருக்கு யாரால் கலக்கம் என்பது அதில் இல்லை.

நமக்குரிய சொல்லைச் சட்டம் தந்துள்ளது. பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் இயற்றப்பெற்று 1990 சனவரி 30 முதல் நடைமுறைக்கு வந்தது. 'வன்கொடுமை' என்பதில் இரு தரப்பு இல்லை. இழைத்தவனும் உண்டு, இழைக்கப்பட்டவனும் உண்டு.

இளைஞர்களே, ஊரில் புகார் எழுதும் பணி பெரும்பாலும் படித்தவர்களாகிய உங்களிடமே வருகின்றது. பள்ளியில் படித்த வினைச்சொல் பாடம் அங்கேதான் பயன்படும். 'குடிசை எரிந்தது' என்று எழுதினால் தானே எரிந்ததாகும். 'எரிக்கப்பட்டது' என்றால் எவரோ எரித்தனர், யார் என்பது தெரியாது. 'இன்னார் எரித்தனர்' என்பதே செய்வினை. எழுவாய் உள்ள வாக்கியம். பெயர் தெரிந்தால் பெயரை எழுதுக. தெரியாவிட்டால் எத்தனை பேர், எத்திசையிலிருந்து, எந்நேரத்தில் வந்தனர், கையில் என்ன வைத்திருந்தனர், என்ன சொல்லிக் கத்தினர் என்று கண்டதைக் கண்டவாறே எழுதுக. காணாததை ஓரெழுத்தும் சேர்க்கவேண்டா. அடித்தவர்களையும் அடிபட்டவர்களையும் சேர்த்து 'நாங்கள் மோதிக்கொண்டோம்' என்று நம் கையாலேயே எழுதிவிட்டால், எதிர்வழக்குக்கு நாமே கால்கோள் இட்டவராவோம்.

எழுதத் தெரியாத பெரியவர்கள் வாய்மொழியாகச் சொல்லும் புகாரைக் காவல் நிலையத்தில் எழுதிக்கொள்வர். அவ்வாறு எழுதியதைக் கையொப்பமோ கைநாட்டோ பெறுமுன் அவருக்குப் படித்துக் காட்டுதல் வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அலுவலரின் கடமையாகத் தெளிவாகக் கூறப்பட்டுள்ளது. துணைக்குச் செல்பவர் அப்போது உடன் இருந்து காது கொடுத்துக் கேட்டல் வேண்டும். 'மோதல்' என்ற சொல் புகுந்திருப்பின் அதனைச் சுட்டித் திருத்தச் சொல்லவேண்டிய நேரம் அதுவே. பதிவான பின்பு முதல் தகவல் அறிக்கையின் படி ஒன்றைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெற்று, வீட்டில் குடும்ப அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்க.