காட்டு வழித் துணைவர் மா. கிருஷ்ணன்



தினைப்புனம் காத்துக் கவண் எறிந்து கிளியோட்டிய வள்ளியை முருகன் மணந்த தலம் தணிகை என்பது இவ்வூர்ப் புராணம். வேடனும் வேங்கை மரமும் மதயானையும் இன்றி அக்கதை நடவாது. அத்தகைய கதையைத் தன் பெருமையாகக் கொண்ட ஊரின் இலக்கிய மேடையில், யானையையும் வேங்கையையும் கிளியையும் தம் வாழ்நாளெல்லாம் உற்று நோக்கிய ஒருவரை நினைவுகூர்வது பொருத்தமே. அவர்தாம் மா. கிருஷ்ணன்.

'பத்மாவதி சரித்திரம்' தந்த நாவலாசிரியர் அ. மாதவையாவின் இளைய மகனாக 1912-இல் பிறந்தவர் அவர். தாவரவியலில் முதுகலையும் சட்டமும் பயின்றார். சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி எனப் பல பொறுப்புகள் வகித்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். அதன்பின் எழுத்தையும் காட்டையுமே நம்பி வாழத் துணிந்தார். அவர் குடியிருந்த எட்வர்டு எலியட்ஸ் சாலை, திருத்தணி ஈன்ற தத்துவமேதை டாக்டர் ராதாகிருஷ்ணன் பெயரை இன்று தாங்கி நிற்கிறது.

1950-இல் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் அவர் தொடங்கிய இயற்கைப் பத்தி நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இடையறாது வெளிவந்தது. 1996 பிப்ரவரி 18-ஆம் நாள் அவர் மறைந்தார். அப்பத்தியின் இறுதிக் கட்டுரை அச்சில் வந்ததும் அன்றுதான். இத்துணை நீண்ட உழைப்புக்குத் துணை நின்றவை கூர்த்த கண்ணும் பொறுமையுமே. பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட ஒளிப்படப் பெட்டிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டார். வண்ணப்படம் பெருகிய காலத்திலும் கருப்பு வெள்ளையையே போற்றினார். முதுமலைக் காட்டில் நடந்தும் யானை மீதமர்ந்தும் விலங்குகளைக் கண்டு எழுதினார். 1960-இல் பத்மஸ்ரீ விருதும், பின்னர் நேரு ஆய்வு நல்கையும் அவரைத் தேடி வந்தன.

காட்டில் உண்டாகும் நட்பு தனித்தன்மை உடையது. அங்கே அதிகம் பேச முடியாது. பேசினால் பறவை பறந்துவிடும். ஒருவர் காண்பதை மற்றவரும் காண்பதே அந்த நட்பின் மொழி. கிருஷ்ணனுக்கு வாய்த்த நண்பர்களும் அவ்வழியினரே. அவருடைய படங்களும் எழுத்தும் 2006-இல் நூலாயின. அதன் தொகுப்பில் பங்கு கொண்டவர் காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் டி.என்.ஏ. பெருமாள். அவர்தம் தமிழ்க் கட்டுரைகளைத் திரட்டி 'மழைக்காலமும் குயிலோசையும்' என நூலாக்கியவர் சு. தியடோர் பாஸ்கரன். சென்னை இயற்கை ஆர்வலர் சங்கம் அவர் நினைவாக இளம் எழுத்தாளர்க்குப் பரிசளித்து வருகிறது. மறைந்த நண்பரின் சிதறிய தாள்களைச் சேர்த்து அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பதினும் மேலான அஞ்சலி வேறு உண்டோ?

கிருஷ்ணன் வளைந்து கொடுப்பவர் அல்லர். ஒரு நாட்டின் அடையாளம் அதன் மரஞ்செடிகளிலும் விலங்கு பறவைகளிலும் உள்ளது என்பது அவர் கொள்கை. ஆதலின், அழகுக்கென அயல்நாட்டு மரங்களை நட்டு நம் மண்ணின் மரங்களை மறப்பதை அவர் கடிந்தார். அந்தக் கண்டிப்பில் கசப்பு இல்லை. உரிமையுள்ள பற்றே இருந்தது.

அவர் கவலை தமிழர்க்கும் உரியது. நிலத்தோடு மரத்தையும் மாவையும் புள்ளையும் கருப்பொருளாகச் சேர்த்தெண்ணிய மரபு நம்முடையது. இன்றோ, வேங்கை என்ற சொல்லுக்கு உரை கூற வல்லார் பலர். வேங்கை மரத்தைக் காட்ட வல்லார் சிலர். சொல் நூலில் நிலைத்து, பொருள் கண்ணினின்று மறையுமாயின், அச்சொல் நாளடைவில் வெற்றோசையாகிவிடும். இழப்பு காட்டுக்கு மட்டுமன்று, இலக்கியத்துக்கும்தான்.

இரு மாநில எல்லையில், தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் ஊர் இது. 1960-இல் தமிழகத்தோடு மீண்டும் இணைவதற்கு இம்மண் ஒரு பெரும் போராட்டத்தைக் கண்டது. மீட்ட மண்ணில் என்னென்ன முளைக்கின்றன, எவை பாடுகின்றன என்று அறிவதும் அப்பற்றின் தொடர்ச்சியே. பறவைகளோ எல்லைக்கோடு அறியா; ஒரே பறவைக்கு இரு மொழியிலும் உள்ள பெயர்களை முதியோரிடம் கேட்டு எழுதி வைப்பது இத்தகைய இலக்கிய வட்டங்கள் செய்யத்தக்க பணியாகும்.

கல்லில் பொறிக்கும் பெயரைக் கிருஷ்ணன் விரும்பியிருப்பாரோ, அறியோம். ஒரு சிறுவன் மரத்தடியில் நின்று, மேலே கூவுவது இன்ன பறவை என்று தமிழில் சொல்வானாயின், அதுவே அவருக்கு உவப்பான நினைவுச்சின்னம்.