சாலைக்கும் பந்தயத் தடத்திற்கும் ஒரே மோட்டார்

நொய்டாவில் பணிபுரியும் என் தங்கை மகன் சென்ற மாதம் வந்து, "மாமா, வண்டிக்குக் காயில்ஓவர் பொருத்தப் போகிறேன், இரண்டு மாதச் சம்பளம் ஆகும். எதை வாங்கலாம்?" என்று கேட்டான். கலைப் பட்டதாரியாகிய என்னிடம் இக்கேள்வி ஏன் என்று நீங்கள் வியக்கலாம். அவ்வண்டியின் பின்னிருக்கையில் அமர்பவர்கள் நானும் என் தாயாருமே அன்றோ!

வார நாட்களில் அது அலுவலகம் செல்லும் வண்டி. ராமகிருஷ்ணபுரத்து மலைமந்திருக்கும் அதுவே. ஆண்டில் மூன்று நான்கு நாட்கள் மட்டும் பெரிய நொய்டாவிலுள்ள புத்த சர்வதேசத் தடத்தில் ஓடும். 2011ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்த, ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த தடம் அது.

காயில்ஓவர் என்பது, ஷாக் அப்சார்பரின் தண்டைச் சுற்றிச் சுருள்வில்லை அமைத்து, மரை திருகி உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் வாய்ப்பளிக்கும் சாதனம். நல்லதொரு தமிழ்ச் சொல் தேடி ஒரு மாலை முழுதும் செலவிட்டேன், கிட்டவில்லை.

முதலில் கவனிக்க வேண்டியது வில்லின் கடினம். ஒரு மில்லிமீட்டர் அமுங்க எத்தனை கிலோ எடை வேண்டும் என்பதே அதன் கணக்கு. 300 கிலோ சுமை நேராக இறங்கினால், மூன்று கிலோ வில் 100 மில்லிமீட்டர் அமுங்கும். ஆறு கிலோ வில் 50. பத்து கிலோ வில் 30. வளைவில் வண்டி சாயாதிருக்கப் பத்து நன்று. ஆனால் அதே வில், குண்டும் குழியுமான சாலையில் சக்கரத்தைத் தரையை விட்டுத் துள்ளச் செய்யும். துள்ளும் சக்கரத்திற்குப் பிடிப்பு ஏது? ஆகவே இருவகைப் பயனுக்கும் இடைப்பட்ட வில்லே தக்கது. அவ்வில்லுக்கென்றே தயாரித்த ஷாக் அப்சார்பர் உடன் இருத்தல் வேண்டும். கடின வில்லை மட்டும் மாற்றி, பழைய ஷாக் அப்சார்பரை வைத்திருப்போர் வண்டி ஊஞ்சலாடுவதைக் காண்பர்.

உயரம் குறைப்பதில்தான் இளைஞர் பலர் ஏமாறுகின்றனர். வில்லின் இருக்கையை மட்டும் கீழே இறக்கும் அமைப்பில், தண்டு அமுங்குவதற்குரிய இடமும் சுருங்குகிறது. சிறு பள்ளத்திலும் அது அடிமுட்டி இடிக்கும். அடிப்பகுதி தனியே திருகி உயரம் மாறும் அமைப்பில் இக்குறை இல்லை. விலை சற்று மிகுதி. எனினும், விதிப்படி கட்டிய வேகத்தடையே 10 சென்டிமீட்டர் உயரம் உடையது. விதியை அறியாத வேகத்தடைகளைத் தில்லி நேயர்களுக்கு நான் வருணிக்க வேண்டியதில்லை. இரண்டு விரற்கடைக்கு மேல் இறக்காதே என்றேன்.

தண்டின் மேல்முனையில் ரப்பர் வைத்ததா, உலோகக் குண்டு வைத்ததா என்பதையும் கேட்டறிதல் நலம். உலோகம் துல்லியமானது, ஆனால் தடதடவென்னும் ஓசை ஓயாது. ரப்பரே போதும் என்பது என் கருத்து, என் தாயாரின் முதுகெலும்பின் கருத்தும் அதுவே. முப்பது நிலைத் திருகு என்னும் விளம்பரத்தில் மயங்க வேண்டாம். ஒற்றைத் திருகு பெரும்பாலும் வில் மீண்டு விரியும் வேகத்தையே மாற்றும். முறையான வில்லைத் தேராதவனை எந்தத் திருகும் காப்பாற்றாது. எண்ணெய் கசிந்தால் பிரித்துப் பழுது பார்க்க இந்நாட்டில் ஆள் உண்டா என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

இனி, சட்டம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்னரே எழுத்து மூலம் கேட்டறிதல் வேண்டும். தனியார் கார் பாலிசிகளில் பந்தயமும் வேகச் சோதனையும் பொதுவாக விலக்கப்பட்டவை. தடத்தில் சுவரை முட்டினால், முழுச் செலவும் அவன் தலையில்தான். இதை அவன் அறிந்திருக்கவில்லை. பாலிசியை எடுத்து வாசித்தபோது அவன் முகம் வாடிற்று.

முடிவில், முதல் தட நாளுக்கு வண்டியை உள்ளபடியே கொண்டு செல்வதென இசைந்தான். பிரேக் எண்ணெயையும் பிரேக் பேடுகளையும் டயர்களையும் மட்டும் புதுப்பித்தான். காயில்ஓவருக்குரிய பணம் இன்னும் வங்கியில் இருக்கிறது. இரண்டாம் நாளுக்குப் பின் மீண்டும் வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறான்.