தொழிலிடத்தில் தீப்பாதுகாப்பும் மீட்புக் குழுவும்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி, ஏப்ரல் 14 அன்று நடைபெற்ற தொழிலாளர் கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இன்று அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள். இதே நாள் நாடெங்கும் தீயணைப்புப் பணி நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது என்பதை நம்மில் பலர் அறியோம். 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று, பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்னும் கப்பலில் தீப்பற்றியது. பஞ்சுப் பொதிகளும் வெடிமருந்தும் அக்கப்பலில் ஒருங்கே ஏற்றப்பட்டிருந்தன. தீயை அணைக்கச் சென்ற வீரர்களுள் 66 பேர் வெடிப்பில் மாண்டனர். அந்நாளில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக வீற்றிருந்தவர் அண்ணல். விடுதலைக்குப் பின், 1948இல் தொழிற்சாலைகள் சட்டம் நிறைவேறியபோது தொழிலாளர் அமைச்சராக விளங்கியவர் பாபு ஜெகஜீவன்ராம். ஆகவே, தொழிலாளரைக் காக்கும் சட்டம் நமக்கு அயலார் வீட்டுப் பொருள் அன்று. அதனைப் படித்தறியும் கடமை நமக்கு உண்டு.

அச்சட்டத்தின் 38ஆம் பிரிவு, 1976ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், மூன்று கடமைகளைத் தொழிலதிபர் மீது சுமத்தியது. தீ மூளாமலும் பரவாமலும் தடுத்தல் முதலாவது. அனைவரும் தப்பிச் செல்லப் பாதுகாப்பான வழியும், தீயணைக்கும் கருவிகளும் அமைத்துப் பேணுதல் இரண்டாவது. அந்த வழியைத் தொழிலாளர் அனைவரும் அறிந்திருக்கவும், ஆபத்து வேளையில் செய்ய வேண்டியவற்றில் போதிய பயிற்சி பெற்றிருக்கவும் ஆவன செய்தல் மூன்றாவது. இம்மூன்றாவது கடமையே பெரும்பாலும் மறக்கப்படுவது.

நான் தீயணைப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஒரு நாள் இரவு, ஒரு கிடங்கில் தீ என்று அழைப்பு வந்தது. சென்று பார்த்தால், களவுக்கு அஞ்சிப் பின்வாயிலைப் பூட்டியிருந்தனர். சாவியோ மேற்பார்வையாளர் வீட்டில். கோடரியால் கதவை உடைத்து உள்ளிருந்தோரை வெளியே கொணர்ந்தோம். உயிர் பிழைத்தனர் எனினும், இருவருடைய கைகள் மீண்டும் உழைக்கத் தக்கனவாக இல்லை. அவர்கள் நின்றிருந்த தூணிலேயே தீயணைப்பான் ஒன்று நிறைந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. அதனை இயக்கும் முறையை அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. அதன்மேல் அச்சிட்டிருந்த குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. கல்வி என்பது வேலை தேடித் தருவது மட்டுமா, உயிர் காப்பதுமா என்ற வினா அன்றிரவு என் உள்ளத்தில் எழுந்தது.

அடுத்து, மீட்புப் பணி. பயிற்சியற்ற இரக்கம் இன்னும் பல உயிர்களைப் பறிக்கும் என்பதற்குக் கண்கூடான சான்று, 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை விபத்து. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த அந்நிகழ்வில், உதவிக்கென ஓடிச் சென்ற அக்கம்பக்கத்தார் பலரும் அடுத்த வெடிப்பில் சிக்கினர்.

நச்சுக் காற்று நிறைந்த தொட்டியிலும் குழியிலும் இதே கொடுமை நிகழ்கிறது. முதலில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கிய தம்பியும் மாள்கிறார். இத்தகைய இடங்களுக்கென 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36ஆம் பிரிவு தெளிவான நெறி வகுத்தது. காற்றைச் சோதித்துத் தகுதியுடையவர் சான்றளித்திருக்க வேண்டும். இன்றேல், இறங்குபவர் மூச்சுக் கருவியும் இடுப்புப் பட்டையும் அணிந்திருக்க வேண்டும். பட்டையோடு பிணைத்த கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்கும் ஒருவர் பற்றியிருக்க வேண்டும். கழிவுநீர்க் குழிகளில் காப்பின்றி ஆளை இறக்குதலை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. அவ்வாறு இறந்தோர் குடும்பத்திற்கு 30 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பணித்தது. எனினும் தொகை தந்தையைத் திருப்பித் தராது. கயிற்றின் மறுமுனையில் ஒரு கை இருப்பதே நாம் கேட்கும் நீதி.

2025 நவம்பர் 21 முதல், 1948ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களின் இடத்தில், 2020ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. ஆபத்தற்ற பணியிடத்தை அமைத்துத் தருதல் முதலாளியின் கடமை என அது கூறுகிறது. பாதுகாப்புப் பற்றிய விவரங்களைக் கேட்டறியும் உரிமையையும், உயிருக்கு ஆபத்து நெருங்குமாயின் முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கும் உரிமையையும் அதன் 14ஆம் பிரிவு தொழிலாளர்க்கு அளிக்கிறது. கடமை தவறியதால் உயிரிழப்பு நேரின், ஈராண்டு வரை சிறையோ, ஐந்து லட்சத்திற்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆயினும் தொழிற்சாலைகளுள் 500 பேரோ அதற்கு மேலோ உழைப்பனவற்றுக்கும், 250 பேரோ அதற்கு மேலோ உழைக்கும் அபாயத் தொழிற்கூடங்களுக்கும்தான் பாதுகாப்பு அலுவலர் கட்டாயம். நம்மவர் மிகுதியாக உழைக்கும் சிறு பட்டறைகளில் அத்தகைய அலுவலர் இரார். அங்கே நாமே விழித்திருத்தல் வேண்டும்.

எனவே, இங்குள்ள இளைஞர்கள் தத்தம் பணியிடத்தில் ஐவர் கொண்ட குழு அமைக்குமாறு வேண்டுகிறேன். ஒருவர் மின்சாரத்தைத் துண்டிக்கட்டும். ஒருவர் 101 என்னும் எண்ணில் தீயணைப்பு நிலையத்தை அழைக்கட்டும். ஒருவர் தீயணைப்பானை ஏந்தித் தீயின் அடிப்பகுதியை நோக்கிப் பாய்ச்சட்டும். ஒருவர் அனைவரையும் வெளியேற்றட்டும். ஒருவர் வெளியே நின்று தலைகளை எண்ணட்டும். எண்ணெய்த் தீக்கும் மின்தீக்கும் தண்ணீர் ஊற்றலாகாது என்பதை அனைவரும் கற்கட்டும். ஒவ்வொரு முறைப்பணிக்கும் இத்தகைய குழு ஒன்று வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளரையும் துப்புரவுப் பணிபுரியும் தாய்மாரையும் அப்பயிற்சியில் விட்டுவிடலாகாது.

நம் கழகத்தின் இரவுப் பாடசாலையில் எழுத்தறிந்த பெரியவர்கள் பலர் இங்கே அமர்ந்துள்ளீர்கள். நாளைக் காலை பணிக்குச் சென்றதும் ஒரே ஒரு செயல் செய்யுங்கள். பின்வாயில் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால், நால்வராகச் சென்று சாவி எங்கே என்று கேளுங்கள். அவ்வாறு கேட்கும் துணிவைத் தருவதற்கே இக்கழகம் தோன்றியது.