முகவரியை வலக்கோடியிலிருந்து படியுங்கள்

பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம் வட்டாரத் தோட்டங்களில் இருப்பவர்களே, அப்பால் தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வரை கேட்டுக்கொண்டிருப்பவர்களே! இன்றைய பேச்சு, பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டுப் போன திறன்பேசியைப் பார்த்துத் தயங்கும் அம்மா அப்பாக்களுக்கு.

புலனத்தில், அதான் வாட்ஸ்அப்பில், ஒரு செய்தி வருகிறது. "எஸ்.டி.ஆர். பணம் தயார். இன்றே இதைத் தட்டிப் பதிந்துகொள்ளுங்கள்." எஸ்.டி.ஆர். என்பது அரசாங்கம் தரும் உதவித்தொகை. செய்தியை அனுப்பியவர் உங்கள் நாத்தனார். அவருக்கு யாரோ அனுப்பியது. கீழே நீல நிறத்தில் ஒரு வரி இருக்கும். அதற்குப் பெயர் இணைப்பு, லிங்க். தட்டினால் உங்களை ஓர் அகப்பக்கத்திற்குக் கொண்டுபோகும். யாருடைய அகப்பக்கம் என்பதைத் தட்டுவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம்.

அதற்கு முன் மூன்று சொற்கள். உலகத்துக் கணினிகளும் கைப்பேசிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வலைதான் இணையம். நம் நாட்டில் 1992-இல் ஜாரிங் சேவை அதைத் தொடங்கிவைத்தது. அந்த வலையில், எங்கோ ஒரு கணினியில் யாரோ எழுதி வைத்திருக்கும் பக்கங்கள்தான் அகப்பக்கம். அதைத் திறந்து காட்டும் செயலி உலாவி. உங்கள் கைப்பேசியில் பெரும்பாலும் குரோம் என்று இருக்கும். 2021 முடிவுக்குள் நம் நாட்டில் 3ஜி என்ற பழைய கைப்பேசிச் சேவையை மூடியபோது தோட்டப்புறத்திலும் பலர் பழைய கைப்பேசியை மாற்ற வேண்டியிருந்தது. புதுக் கருவி வீட்டுக்கு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள்தான் வரவில்லை. இது எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, முகவரிக்கு வருவோம். தோட்டத்துக்கு வரும் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். மேலே பெயர், வீட்டு எண், தோட்டத்தின் பெயர். கீழே 45600 பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர். கடிதத்தைப் பிரிப்பவர் அடிவரியைத்தான் முதலில் பார்ப்பார். ஊர் சரியாக இருந்தால்தான் தோட்டமும் லயத்து வீடும். அகப்பக்க முகவரியில் அந்த அடிவரி வலக்கோடியில் இருக்கிறது.

எஸ்.டி.ஆரின் உண்மையான முகவரியைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: பந்துவான் துனாய், இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக, புள்ளி, ஹாசில், புள்ளி, ஜி-ஓ-வி, புள்ளி, எம்-ஒய். வலக்கோடியில் உள்ள எம்-ஒய் மலேசியாவின் குறி, 1987 முதல் நமக்கு உரியது. அதற்கு இடப்பக்கம் ஜி-ஓ-வி, அரசாங்கம். இந்த இரண்டும் சேர்ந்து முடியும் முகவரியை அரசாங்க அமைப்புகளுக்கு மட்டுமே கொடுப்பார்கள். காசு கொடுத்தாலும் தனியாருக்குக் கிடைக்காது. அடுத்து ஹாசில், அதாவது உள்நாட்டு வருமான வாரியம். இடக்கோடியில் அந்த வாரியத்தின் உதவித்தொகைப் பக்கம்.

ஏமாற்றுக்காரன் இதைத்தான் குழப்புவான். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சிறு கோடு போட்டு, ஹாசில் கோடு ஜி-ஓ-வி கோடு எம்-ஒய் என்று எழுதி, அதற்கப்புறம் புள்ளி வைத்து, காம் என்றோ எக்ஸ்-ஒய்-இசட் என்றோ முடிப்பான். பழகிய எழுத்துகளைக் கண்டதும் மனம் நம்பிவிடும். ஆனால் வலக்கோடியில் நிற்பது எக்ஸ்-ஒய்-இசட்! இன்னொரு தந்திரம் சாய்கோடு. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதன்பின் முதல் ஒற்றைச் சாய்கோடு எங்கே வருகிறதோ, அதற்கு முன்னால் இருப்பதுதான் நாம் படிக்க வேண்டிய பகுதி. அதற்குப் பின்னால் அரசாங்கத்தின் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம்.

பூட்டுப் படம் இருந்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். போதாது. நீங்கள் எழுதி அனுப்புவதை வழியில் மற்றவர் படிக்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. மறுமுனையில் இருப்பவன் யோக்கியனா என்று அது சொல்லாது. திருடனின் பக்கத்திலும் பூட்டு இருக்கும். இப்படிப் பலர் தவறாக நம்பியதால் குரோம் உலாவி 2023-இல் அந்தப் படத்தையே நீக்கியது.

சில இணைப்புகள் சுருக்கப்பட்டிருக்கும். எங்கே போகிறது என்று பார்த்தும் தெரியாது. அவற்றைத் தொடவே வேண்டாம். உலாவியைத் திறந்து, நான் சொன்ன முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். எஸ்.டி.ஆர். விண்ணப்பத்தில் வங்கிக் கணக்கு எண் கேட்பார்கள். வங்கியின் கடவுச்சொல்லையும், பணம் அனுப்பும்போது வங்கி தரும் ஒருமுறைக் குறியீடான டி.ஏ.சி. எண்ணையும் கேட்க மாட்டார்கள். ஏ-பி-கே என்று முடியும் கோப்பை யார் அனுப்பினாலும் திறக்காதீர்கள். அது உங்கள் கைப்பேசிக்குள் புகுந்து குறுஞ்செய்திகளைப் படிக்கக்கூடிய செயலியாக இருக்கலாம்.

ஏற்கெனவே தட்டி, கடவுச்சொல்லையோ டி.ஏ.சி. எண்ணையோ கொடுத்துவிட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். மகன் வேலை முடிந்து வரட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு நிமிடங்களில் மாறிவிடும். உடனே உங்கள் வங்கியைக் கூப்பிடுங்கள். அல்லது 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணை அழையுங்கள். பிறகு போலீஸ் புகார். எண்ணை மறுபடியும் சொல்கிறேன்: ஒன்பது, ஒன்பது, ஏழு.