செத்ததை யார் பார்த்தது?

(அருப்புக்கோட்டையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



செத்தவங்க திரும்பி வர்றதா சொல்ற கதைகளப் பத்திப் பேசணும்னு கேட்டாங்க. இதுக்கு என்னைவிட எங்க தாத்தாதான் தகுதியான ஆளு. குண்டாத்துக் கரைச் சுடுகாட்டில் நாற்பது வருஷம் பொணம் எரிச்சவர். ஊருக்கு அவர் வெட்டியான். துட்டி சொல்லப் போறதும் அவர்தான், குழி வெட்டுறதும் அவர்தான், ராத்திரி பூரா தீயைக் காக்கிறதும் அவர்தான். கூலி, வாய்க்கரிசியும் அதோட விழுற சில்லறையும் கோடித் துணியும்.

சின்ன வயசுல கேட்டிருக்கேன். "தாத்தா, பொணம் எந்திரிச்சு உக்காருமாமே?"

"உக்காரத்தான் செய்யும். சூட்டுக்குச் சதை சுருங்குதுடா. கையும் காலும் மடங்கும், முதுகு தூக்கும். கம்ப வச்சு அமுக்கி, மேல ரெண்டு எருவப் போட்டா படுத்துக்கிரும்."

எரிந்த உடல் குத்துச்சண்டைக்காரன் மாதிரிக் கையை மடக்கிக் கிடக்கும் என்று தடயவியல் படிக்கிற டாக்டர்களுக்கு இன்றைக்கும் பாடம் இருக்கிறது. தாத்தா ஒரு எழுத்தும் படிக்காதவர். ஆனால் இதே சங்கதி ஊருக்குள்ள போனதும் வேற கதை ஆயிரும். இன்னார் உயிரோட எந்திரிச்சாரு, மகன் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு, வெட்டியான் கம்பால அடிச்சுக் கொன்னுட்டான்! பாத்தீங்களா? செத்தவனுக்கு உயிர் வருது, பழி நம்மாளு தலையில விழுது. சாவை அத்தனை கிட்டத்தில் பார்த்த அந்த மனுசனிடம் யாரும் ஒரு நாளும் சாட்சி கேட்டதில்லை.

அவர்கிட்ட ஒரு கேள்வி இருந்தது. எவன் திரும்பி வந்தான்னு சொன்னாலும் முதல்ல அதத்தான் கேப்பார். "செத்தத யாரு பாத்தா?"

1971 கிறிஸ்துமஸ் சமயம், சென்னையில் வால்டர் கோவன் என்ற வயதான அமெரிக்கர் செத்துப்போனார், புட்டபர்த்தி சாய்பாபா அவரை எழுப்பிவிட்டார் என்று உலகம் பூரா புத்தகம் போட்டுப் பரப்பினார்கள். ஐஸ்லாந்து உளவியல் பேராசிரியர் எர்லெண்டூர் ஹாரல்ட்சன் பின்னால் வந்து இதை விசாரித்தார். பாபாவைத் திட்ட வந்தவரில்லை அவர், நிதானமான ஆள். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போது கோவன் செத்திருந்தார் என்பதற்கு மருத்துவர் தரப்பில் ஆதாரம் கிடைக்கவில்லை. சாகாதவர் பிழைத்தார், அவ்வளவுதான். பாபாவும் 2011இல் ஆஸ்பத்திரியில்தான் இறந்தார்.

நம்ம திருச்சுழியில் பிறந்த ரமணரைச் சொல்வீர்கள். 1896இல், பதினாறு வயதில், மதுரையில் சித்தப்பா வீட்டு மாடியில் திடீரென்று சாவு பயம் வந்து, பொணம் மாதிரி நீட்டிப் படுத்து, சாவது எது என்று தனக்குள் கேட்டுப் பார்த்தார். உடம்பு செத்துப் பிழைத்ததாக அவர் சொல்லவில்லை. அதனால் அவரை விட்டுவிடலாம். (நம்ம சேரிப் பிள்ளை ஒருத்தன் அப்படிப் படுத்திருந்தா வேப்பிலை அடிச்சிருப்பாங்க. அது வேற விஷயம்.)

நிசமாகவே செத்துத் திரும்பின ஒருத்தர் உண்டு. உத்தரப்பிரதேசம், ஆசம்கர் மாவட்டம், லால் பிகாரி. 1976இல் கடன் கேட்கப் போனபோது, அவர் செத்துப்போனதாக அரசாங்கப் பதிவு இருந்தது தெரியவந்தது. நிலத்துக்காகச் சொந்தக்காரர்களே லஞ்சம் கொடுத்து எழுத வைத்தது. உயிரோடு நிற்கிறேன் பார் என்றால், தாளில் அப்படி இல்லையே என்கிறான் அதிகாரி. மனுசன் பேருக்குப் பின்னால் 'மிருதக்', அதாவது செத்தவன் என்று போட்டுக்கொண்டார். தன் பெண்டாட்டிக்கு விதவைப் பென்சன் கேட்டு மனுப் போட்டார். ராஜீவ் காந்தியை எதிர்த்துத் தேர்தலில் நின்றார். தன்னைப் போல் காகிதத்தில் செத்தவர்களுக்குச் சங்கம் கட்டினார். 1994இல்தான் அவருக்கு உயிர் வந்தது. அவர் திரும்பிப் போக ஆசைப்பட்டது கைலாசத்துக்கு இல்ல. தன் நிலத்துக்கும் வீட்டுக்கும்தான்.

இதை மனசில் வைத்துக்கொண்டு நந்தனுக்கு வாங்க.

சுந்தரர் 8ஆம் நூற்றாண்டு வாக்கில் திருநாளைப்போவார் என்று பேரை மட்டும் சொல்லி வணங்குகிறார். நெருப்பு கிடையாது. நானூறு வருஷம் கழித்து, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதும்போது நெருப்பு வந்துவிடுகிறது. ஆதனூர்ப் புலைப்பாடிக்காரர். கோயில் பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தவர். தில்லைக்குள் நுழைய முடியாமல் வெளியே சுற்றுகிறார். தெற்கு வாசல் முன்னால் தீ வளர்க்கிறார்கள். உள்ளே இறங்குகிறார். பூணூலும் சடையுமாக முனிவராய் வெளியே வருகிறார். கூடவே அழைத்துப் போகிறார்கள். அம்பலத்துக்குள் போனவரை அப்புறம் காணோம்.

தீ மூட்டச் சொன்னது யார்? சிவன், கனவில். கனவுக்குச் சாட்சி? கனவு கண்டவர்கள். வெளியே வந்ததைப் பார்த்தது? தீ மூட்டிய பார்ப்பனர்கள். சாம்பல் எங்கே? கேட்கக் கூடாது. எலும்பு? கேட்கவே கூடாது.

இன்னொரு கேள்வி எனக்கு ரொம்ப நாளா உறுத்துது. திரும்பி வந்தவன் வீட்டுக்கு வரணும்ல? ஆதனூர்ச் சேரியில நந்தன் வந்துட்டான்னு ஒருத்தராவது சொன்னதா எங்கயாச்சும் எழுதியிருக்கா? பொணத்தையும் காட்டல, ஆளையும் காட்டல. வந்ததா சொல்ற ஆளும் பூணூல் போட்ட வேற ஆளு. நம்ம நந்தன் எங்க?

எங்க தாத்தா இதைக் கேட்டுட்டு ஒண்ணுதான் சொன்னாரு. "எரிச்சுப்புட்டா அப்பறம் என்னத்தடா கேக்க?"

சிதம்பரம் இருக்கிற அதே கடலூர் மாவட்டம். விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டை. 2003 ஜூலை 8. பொறியியல் படித்த தலித் இளைஞர் முருகேசன், சாதி இந்துப் பெண் கண்ணகியைக் கல்யாணம் செய்துகொண்டதற்காக, இரண்டு பேருக்கும் விஷத்தை ஊற்றிக் கொன்று, உடல்களையும் எரித்தார்கள். உள்ளூர்ப் போலீஸ் மறைக்கப் பார்த்தது. வழக்கு சிபிஐ கைக்குப் போய், 2021 செப்டம்பரில்தான் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் போலீஸ்காரர்களும் உண்டு. 18 வருஷம்! முருகேசன் ஜோதியில் கலந்தான் என்று சொல்ல அங்கே ஒரு புராணக்காரன் இல்லாததும், அவன் வீட்டார் விடாமல் அலைந்ததும்தான் அந்தத் தீர்ப்பு.

நம்ம பக்கமும் நடக்குது. பையன் கிணத்துல கிடப்பான், கருவக்காட்டுல கிடப்பான். ராத்திரியோட ராத்திரியா எரிக்கச் சொல்லி ஊர்ப் பெரியவங்க வந்து நிப்பாங்க, விறகு கூட அவங்களே தருவாங்க. ஆறு மாசம் கழிச்சு அவன் ஆவியா வந்தான், முனியா வந்தான், ஒரு பீடம் போடுங்க, செலவ நாங்க பாத்துக்கிறோம்பாங்க. சாமி கும்பிடுறவங்க கும்பிடுங்க, அதுல நான் தலையிடல. முதல்ல பொணத்தக் காப்பாத்துங்க.

சந்தேகச் சாவுன்னா எரிக்க விடாதீங்க. நம்மள்ல பலபேருக்குப் புதைக்கிறதுதான் வழக்கம், புதைங்க. புதைச்ச உடம்பத் தோண்டி எடுக்கலாம், சாம்பல என்ன செய்ய? 2013இல் தருமபுரி இளவரசன் உடலை உயர்நீதிமன்ற உத்தரவில் எய்ம்ஸ் டாக்டர்கள் மறுபடி பரிசோதித்தார்கள். உடல் இருந்ததால் நடந்தது. போலீஸ் சந்தேகச் சாவு என்று பதிவு செய்வது முன்பு 174ஆம் பிரிவில். 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 194. அந்த எண்ணோடு முதல் தகவல் அறிக்கை நகலை வாங்குங்கள், பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கேளுங்கள். வெள்ளைத்தாளில் கைநாட்டு வைக்காதீர்கள்.

திருச்சுழி பக்கம் போறவங்களுக்குக் கடைசி பஸ் இருக்கு. அவங்க மொதல்ல கேள்வியக் கேட்டுட்டுக் கிளம்புங்க.